சித்தம் கலங்கியவரின் வினை

பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினயபிடகப் பாடத்தின் நடுவே, சட்டம் படித்த சீடர் ஒருவர் தம் ஆசிரியரிடம் எழுப்பிய ஐயங்களும் அவற்றுக்கு ஆசிரியர் அளித்த விடைகளும் இங்கே உரையாடலாகத் தரப்படுகின்றன. நோய் ஒருவரின் நடத்தையை மாற்றும்போது, அந்த நடத்தைக்கு அவர் எவ்வளவு பொறுப்பு என்பதே பொருள்.

சீடர்: ஐயா, மீறியவரைச் சங்கத்திலிருந்தே நீக்கும் பாராஜிக விதிகளில் முதலாவதன் முடிவில், விலக்கு பெறுவோருள் நான்கு பேர் வருகிறார்கள். பித்துப் பிடித்தவர், சித்தம் சிதறியவர், வேதனையில் துடிப்பவர், அந்த விதி பிறக்கக் காரணமாக இருந்த முதல் ஆள். அடுத்து வரும் விதிகளைப் புரட்டினால் அங்கும் பித்துப் பிடித்தவருக்கான விலக்கு வந்துகொண்டே இருக்கிறது. சட்டம் படித்த எனக்கு இது புதிதல்ல. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சட்டம் தண்டனையோடு நின்றுவிடும். பௌத்தம் வினையைப் பற்றிப் பேசுகிறது. யார் தண்டித்தாலும் தண்டிக்காவிட்டாலும் வினை தன் பயனைத் தந்தே தீரும் என்கிறது. அப்படியிருக்க, நோயாளிக்கு மட்டும் விலக்கு எப்படி?

குரு: முதலில் இரண்டைப் பிரித்துக்கொள். சங்கத்தின் விதியை மீறினால் வருவது ஒன்று. அதை ஆபத்தி என்று பாளியில் சொல்வார்கள். அது சங்கத்துக்கும் பிக்குவுக்கும் இடையிலான வழக்கு. மனத்தில் எழுந்த செயலால் வருவது இன்னொன்று. அதுதான் வினை. நீ படித்த விலக்கு முதலாவதைப் பற்றியது. இரண்டாவதற்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது தனிக் கேள்வி. அதற்கு வருவோம். அதற்கு முன் கக்கர் என்ற பிக்குவின் கதை உனக்குத் தெரிய வேண்டும். இந்த விலக்கு அவர் வாழ்க்கையில்தான் உயிரோடு நிற்கிறது.

சீடர்: சொல்லுங்கள்.

குரு: கக்கருக்குச் சித்தம் கலங்கியிருந்தது. உபோசத நாளில் பிக்குகள் ஒன்றுகூடிப் விதித்தொகுப்பான பாதிமோக்கத்தை ஓத வேண்டும். கக்கருக்கு அந்த நாள் சில சமயம் நினைவிருக்கும், சில சமயம் இருக்காது. ஒருமுறை வருவார், ஒருமுறை வரமாட்டார். எல்லைக்குள் இருக்கும் பிக்கு ஒருவர் வராவிட்டால் சங்கத்தின் சடங்கே பழுதாகும் என்பது விதி. இதற்குப் புத்தர் தந்த வழி வினயபிடகத்தின் மகாவக்கப் பகுதியில் இருக்கிறது. இவர் சித்தம் கலங்கியவர் என்று சங்கம் முறைப்படி ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பின் கக்கருக்கு நினைவிருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் வந்தாலும் வராவிட்டாலும், உபோசதம் செல்லும். கவனித்தாயா? கக்கரைச் சங்கத்தைவிட்டு நீக்கவில்லை. வராததற்காக அவரைக் குற்றம் சொல்லவும் இல்லை. அவரால் சுமக்க முடியாத கடமையை மட்டும் இறக்கி வைத்தார்கள்.

சீடர்: பிறகு அவர் தெளிந்தாரா?

குரு: தெளிந்தார். தொல்லை அப்போதுதான் தொடங்கியது. நோயின்போது துறவிக்குத் தகாத பலவற்றை அவர் செய்திருந்தார், பேசியிருந்தார். அவற்றை எடுத்துவைத்து, இந்தக் குற்றம் செய்தது நினைவிருக்கிறதா, அந்தக் குற்றம் நினைவிருக்கிறதா என்று சில பிக்குகள் துருவினார்கள். சித்தம் கலங்கியிருந்தபோது செய்தவை அவை, நினைவில் இல்லை என்று அவர் சொன்ன பிறகும் விடவில்லை. செய்தி புத்தரிடம் போயிற்று. அவர் கக்கருக்காக ஒரு தீர்ப்புமுறையை ஏற்படுத்தினார். வினயபிடகத்தின் சுள்ளவக்கப் பகுதியில் வரும் அமூள்ஹவினயம் அதுதான். இப்போது தெளிந்திருக்கிறார், அப்போது தெளிவில்லை என்று சங்கம் கூடிச் சொல்லும் தீர்ப்பு. சங்கத்தில் எழும் வழக்குகளைத் தீர்க்க வகுத்த ஏழு முறைகளில் ஒன்றாக அது இன்றும் பாதிமோக்கத்தில் ஓதப்படுகிறது. கக்கர் மூத்த பிக்குகளை வணங்கி, கைகூப்பி மூன்று முறை கேட்க வேண்டும். சங்கத்தின் முன் தீர்மானம் வைத்து, அதை மூன்று முறை அறிவிக்க வேண்டும். மறுப்பவர் பேசலாம். எல்லோரும் மௌனமாக இருந்தால் தீர்ப்பு நிலைக்கும்.

சீடர்: ஊரறியச் செய்தது எதற்கு? நோயாளிக்கு அது கூடுதல் வெட்கம் அல்லவா?

குரு: துருவல் ஏற்கெனவே ஊரறிய நடந்துவிட்டதே! காதோடு காதாகச் சொன்ன ஆறுதல் அதை நிறுத்தாது. பழி எந்த அவையில் சொல்லப்பட்டதோ அந்த அவையே அதை நீக்க வேண்டும். முறைப்படி தீர்ந்த வழக்கைத் தெரிந்தே மறுபடி கிளறினால், கிளறியவருக்கே, ஒப்புக்கொண்டு தீர்க்க வேண்டிய பாசித்தியக் குற்றம் என்று பாசித்திய விதிகளில் 63-ஆவது சொல்கிறது. பித்துத் தெளிந்தவரின் பழைய செயலைத் தோண்டுபவர்தான் அங்கே குற்றவாளி.

சீடர்: இது வினயம். இப்போது வினைக்கு வருகிறேன். சேதனையையே, அதாவது எண்ணத்தையே, வினை என்கிறேன் என்று புத்தர் அங்குத்தர நிகாயத்தில் விளக்குகிறார். எண்ணித்தான் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் செயல்படுகிறோம் என்கிறார். மனத்தைப் பகுத்து ஆராயும் அபிதம்மமோ சேதனை இல்லாத சித்தமே கிடையாது என்கிறது. எல்லாச் சித்தங்களுக்கும் பொதுவான ஏழு மனக்கூறுகளில், அதாவது சேதசிகங்களில், சேதனையும் ஒன்று. வலிப்பு வந்தவரின் கை பட்டு ஒரு குழந்தை விழுந்தால் அங்கே எண்ணம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பித்துப் பிடித்தவர் கல்லைத் தேடி எடுக்கிறார், குறி பார்க்கிறார், எறிகிறார். சேதனை இருக்கிறது. சேதனை இருந்தால் வினை இருக்கிறது. விலக்குக்கு இடமே இல்லையே?

குரு: உன் வாதத்தின் முதல் பாதி உண்மை. அவரிடம் சேதனை இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் சேதனை தனியே எழுவதில்லை. எதை எதுவாகக் காண்கிறோமோ அதை ஒட்டி எழுகிறது. கொலை என்ற செயல் நிறைவடைய ஐந்து உறுப்புகள் வேண்டும் என்று உரைகள் சொல்கின்றன. ஓர் உயிர் இருக்க வேண்டும். அது உயிர் என்ற அறிதல் இருக்க வேண்டும். கொல்லும் சித்தம் வேண்டும். முயற்சி வேண்டும். அதனால் சாவு நிகழ வேண்டும். எண்ணத்துக்கு முன்னால் அறிதலை வைத்திருப்பதைப் பார். பித்தின் முதல் தாக்குதல் அறிதலின் மேல்தான். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவருகிறார். நோயாளியின் கண்ணுக்கு அவர் நஞ்சோடு வருகிறார். கல் எறியும் எண்ணம் எழுகிறது. அந்த எண்ணம் உதவ வந்த மனிதரை நோக்கி எழவில்லை. தன்னைக் கொல்ல வந்தவனை நோக்கி எழுகிறது.

சீடர்: அறிதல் பிறழ்ந்தால் சரி. அறிதல் சரியாக இருந்து, கட்டுப்பாடு மட்டும் போய்விட்டால்?

குரு: அங்கேதான் இரண்டாவது செய்தி வருகிறது. சேதனை எல்லாச் சித்தத்திலும் உண்டு என்றாய். நினைவுடைமை, பழிக்கு நாணுதல், பாவத்துக்கு அஞ்சுதல் ஆகியவை அப்படி அல்ல. சதி, ஹிரி, ஒத்தப்பம் என்று அபிதம்மம் பெயரிடும் இவை நல்ல சித்தங்களில் மட்டும் எழுபவை. நம்மில் யாருக்கும் தீய எண்ணம் எழலாம். எழுந்த எண்ணம் கைக்கு வருமுன் நாணமும் அச்சமும் குறுக்கே வந்து நிற்க முடியும். நலமாக இருப்பவர் தீமை செய்யும்போதும் அவை வரவில்லை என்பது உண்மை. ஆனால் வந்திருக்க முடியும். நோயாளிக்கு அந்த வழியே அடைபட்டிருக்கிறது.

சீடர்: வந்திருக்க முடியும் என்பதில்தான் பொறுப்பு இருக்கிறது என்கிறீர்களா?

குரு: ஆம். தீயதை விடுங்கள், விட முடியும், விட முடியாதென்றால் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன் என்ற கருத்தைப் புத்தர் அங்குத்தர நிகாயத்தின் இரண்டன் தொகுதியில் சொல்கிறார். பௌத்த அறத்தின் தூண் இது என்பேன். முடியும் என்பதால்தான் விடு என்ற அறிவுரைக்கே பொருள் வருகிறது. அந்த நேரத்தில், அந்த உடலோடு, அந்த மூளையோடு முடியாது என்றால் அறிவுரையும் அங்கே நிற்காது, பழியும் நிற்காது.

சீடர்: அப்படியானால் நோயாளியின் செயலுக்கு வினைப்பயன் சுழியம் என்று சொல்லிவிடலாமா?

குரு: அவசரப்படாதே. சுழியம் என்று நான் சொல்லவில்லை. மிலிந்த மன்னரின் கேள்விகளுக்கு நாகசேனர் என்ற பிக்கு விடை சொல்லும் மிலிந்த பஞ்ஹா என்ற நூலில் உலோமச கஸ்ஸபர் என்ற தவசியைப் பற்றி ஒரு கேள்வி வருகிறது. சந்தவதி என்ற இளவரசியைக் கண்டு மயங்கி, வேள்வியில் உயிர்களைப் பலியிட்டவர் அவர். நாகசேனர் அந்தச் செயலைப் புத்தி பேதலித்த நிலையில் நடந்ததாக எடுத்துக்கொள்கிறார். பித்தன் செய்த தீமை இம்மையிலும் பெரும் பழியாகாது, மறுமையிலும் பெரும் பயன் தராது என்கிறார். பெரும் என்று அளவு சொல்கிறாரே தவிர, ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. ஆகவே வினயம் தன் வழக்கை முழுதாகத் தள்ளுபடி செய்கிறது. வினையைப் பொறுத்தவரை கனம் மிகக் குறைகிறது. எந்த அளவு குறைகிறது என்று கணக்கிட நமக்கு அதிகாரம் இல்லை. வினையின் விளைவு எண்ணிப் பார்த்து முடிக்க முடியாதது என்று புத்தரே எச்சரித்திருக்கிறார்.

சீடர்: அதே மிலிந்த பஞ்ஹாவில் எதிரான இடமும் இருக்கிறதே, ஐயா. தெரிந்து தீமை செய்தவனைவிடத் தெரியாமல் செய்தவனுக்கே தீங்கு அதிகம் என்கிறார் நாகசேனர். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைத் தெரியாமல் பிடிப்பவன் கைதான் அதிகம் வேகும் என்கிறார். நோயாளி தெரியாமல்தானே செய்கிறார்?

குரு: நல்ல இடத்தைப் பிடித்தாய். இரண்டையும் சொன்னவர் ஒரே நாகசேனர் என்பதால், இரண்டும் ஒரே தெரியாமையைப் பற்றியவை அல்ல என்றே நான் வாசிக்கிறேன். இரும்புக் குண்டைப் பிடிப்பவன் கை நலமான கை. அவன் தீமையைத் தீமை என்று கற்றுக்கொள்ளவில்லை. அதனால் தயக்கம் இல்லாமல் முழு மனத்தோடு செய்கிறான். கொல்வதே புண்ணியம் என்று நம்புகிறவனை நினைத்துப் பார். அவன் அறிவு அவனிடம் இருக்கிறது, அதைத் தவறாக வளர்த்திருக்கிறான். நோயாளியோ நேற்று வரை தீமையைத் தீமை என்று அறிந்திருந்தார். தெளிந்த பின் மறுபடி அறிவார். இடையில் நோய் அதைப் பறித்துக்கொண்டது. கற்காததும் பறிகொடுத்ததும் ஒன்றாகாது.

சீடர்: நோய் பறித்தது என்கிறீர்கள். அந்த நோயே முற்பிறப்புத் தீவினையால் வந்தது என்று ஊரில் பேசுவார்களே? அப்படிப் பார்த்தால் பொறுப்பு சுற்றிவந்து அவர் தலையிலேயே விழுகிறது.

குரு: அந்தப் பேச்சுக்குப் புத்தரே விடை சொல்லியிருக்கிறார். மோளிய சீவகர் என்ற நாடோடித் துறவி அவரிடம் போய், மனிதன் அனுபவிக்கும் இன்பமும் துன்பமும் எல்லாம் முன்வினையால் என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்டார். சம்யுத்த நிகாயத்தில் இந்த உரையாடல் இருக்கிறது. புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்கினார். பித்தம், சிலேட்டுமம், வாதம், இவை மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், உடலை முறையாகப் பேணாமை, வெளியிலிருந்து வரும் தாக்குதல், எட்டாவதாக வினைப்பயன். எல்லாம் வினைதான் என்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதையும், உலகம் உண்மை என்று ஒப்புக்கொண்டதையும் மீறிப் பேசுகிறார்கள் என்றார். பின்னாளில் வசுபந்து என்ற பௌத்த ஆசிரியர் தம் அபிதர்ம கோசத்தில் சித்தம் கலங்குவதற்கு ஐந்து காரணங்கள் சொல்கிறார். வினைப்பயன் அவற்றில் ஒன்று. மற்றவை அச்சம், அமானுடர் தாக்குதல், உடற்கூறுகளின் சமநிலைக் கேடு, சோகம். ஒரு நோயாளியைக் காட்டி, இது இவருடைய பழைய பாவம் என்று சொல்பவர், எட்டில் ஒன்றை எடுத்து ஏழை மறைக்கிறார். எந்த ஞானக்கண்ணால் அதைக் கண்டார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

சீடர்: இனி நடைமுறை. யார் உண்மையில் சித்தம் கலங்கியவர், யார் நடிப்பவர் என்று எப்படி அறிவது? நீதிமன்றத்தில் இதுதான் பெரும்பாடு.

குரு: சங்கத்துக்கும் பெரும்பாடுதான். அமூள்ஹவினயம் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்று மும்மூன்று நிலைகளைச் சுள்ளவக்கம் தருகிறது. நினைவிருந்தும் நினைவில்லை என்று சொல்பவருக்குச் செல்லாது. நன்றாக நினைவிருந்தும் கனவுபோல் நினைவிருக்கிறது என்று மழுப்புபவருக்குச் செல்லாது. பித்தர் போல் நடித்து, நானும் செய்கிறேன், நீங்களும் செய்யுங்கள் என்று பிறரையும் இழுப்பவருக்குச் செல்லாது. உண்மையாகவே நினைவில்லாதவருக்கும், உண்மையாகவே கனவுபோல் மங்கிய நினைவு உடையவருக்கும், உண்மையாகவே பித்துற்று அப்படி நடந்தவருக்கும் செல்லும். கனவுபோல் நினைவு என்பதை ஒரு தனி நிலையாக ஏற்றுக்கொண்ட நுட்பத்தைப் பார். நினைவு முழுதாகப் போயிருந்தால்தான் நோய் என்று அடம்பிடிக்கவில்லை.

சீடர்: உரையாசிரியர்கள் இதைக் கடுமையாக்கினார்களா, தளர்த்தினார்களா?

குரு: இரண்டும் செய்தார்கள். புத்தகோசர் தம் வினய உரையான சமந்தபாசாதிகையில், பித்தம் கலங்கியவரின் அறிதல் தலைகீழாகும், நாணமும் அச்சமும் அவரை விட்டுப் போகும், பெரிய விதி சிறிய விதி எதையும் உணராமல் மீறுவார் என்கிறார். நெருப்பைப் பொன் போலவும் மலத்தைச் சந்தனம் போலவும் கையாளும் அளவுக்குக் கலக்கம் இருந்தால்தான் விலக்கு என்று எல்லை போடுகிறார். இடையிடையே தெளிவு வந்து, அப்போது தெரிந்தே செய்தால் குற்றம் உண்டு என்றும் சொல்கிறார். நம் சோழநாட்டில், காவிரிக் கரையில் பூதமங்கலத்தில் இருந்து வினயவினிச்சயம் எழுதிய புத்ததத்தரும் இந்த மரபில் வந்தவரே.

சீடர்: அந்த எல்லையில்தான் எனக்கு இடர். ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா என்று ஒரு நோய் இருக்கிறது. மூளையின் முன்பகுதி மெல்லச் சுருங்கும். ஐம்பது, அறுபது வயதில், நினைவு நன்றாக இருக்கும்போதே, கூச்சமும் பரிவும் போய்விடும். வாழ்நாளெல்லாம் ஒழுக்கமாக இருந்தவர் கடையில் பொருளை எடுத்துக்கொண்டு காசு கொடுக்காமல் வருவார். எடுப்பது தவறா என்று கேட்டால் தவறு என்றே சொல்வார். அவருக்கு நெருப்பு நெருப்புதான், பொன் பொன்தான். செயலின் தன்மையோ அது தவறு என்பதோ தெரியாதிருந்தால்தான் சட்டம் விலக்கு தருகிறது. அவருக்குத் தெரிகிறது. புத்தகோசரின் எல்லைக்குள்ளும் அவர் வரமாட்டார் போலிருக்கிறதே?

குரு: புத்தகோசரின் சோதனையை எழுத்துப்படி எடுத்தால் வரமாட்டார். ஆனால் அவர் கூறிய நோய்க்குறிகளை மறுபடி படி. அறிதல் பிறழ்வதைச் சொன்ன கையோடு, நாணமும் அச்சமும் விலகுவதைச் சொல்கிறார். தவறு என்று வாயால் சொல்லத் தெரிவது அறிவு. தவறு என்று உள்ளே சுடுவது நாணம். நீ சொல்லும் நோயில் முன்னது மிஞ்சி, பின்னது மூளையோடு சேர்ந்து அழிகிறது. பௌத்த உளவியலில் தீமையைத் தடுப்பது வெறும் தகவலறிவு அல்ல, நாணமும் அச்சமும்தான். உலகைக் காக்கும் இரண்டு என்று புத்தர் அவற்றையே சொன்னார். அவை எழ வழியில்லாதபடி நோய் அடைத்துவிட்டால், விட முடியும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. ஆகவே நெருப்பும் பொன்னும் என்ற சோதனையை அந்தக் காலத்தின் மருத்துவ அறிவு தந்த எல்லை என்றும், முடியுமா முடியாதா என்பதை அதன் அடியில் இருக்கும் நெறி என்றும் கொள்வேன். இந்த நோயாளியை விலக்குக்குள் சேர்ப்பதே நெறிக்கு உண்மையாக இருப்பது.

சீடர்: அப்படி நீட்டிக்கொண்டே போனால் குடிகாரரும் வரிசையில் நிற்பாரே?

குரு: நிற்கமாட்டார். விலக்குப் பட்டியலில் பித்து இருக்கிறது, போதை இல்லை. சாகதர் என்ற பிக்கு, சீறிய நாகத்தை அடக்கிய ஆற்றலுடையவர். கோசம்பி நகரத்தார் வீட்டுக்கு வீடு கள் கொடுத்து உபசரிக்க, நகர வாயிலில் விழுந்து கிடந்தார். தூக்கிவந்து படுக்க வைத்தால், புரண்டு புத்தர் பக்கம் காலை நீட்டினார். இவரால் இப்போது ஒரு தண்ணீர்ப் பாம்பையாவது அடக்க முடியுமா என்று புத்தர் கேட்டார். குடிக்கும் செயலையே குற்றமாக்கிய விதி அன்று பிறந்தது. போதையில் செய்ததை மட்டும் விசாரிக்காமல், தெளிவோடு கிண்ணத்தை ஏந்திய கணத்துக்குப் பின்னோக்கிப் போனது வினயம். குடி ஒரு நோயாகவே முற்றிவிட்டவருக்கும் தெளிவான கணங்கள் உண்டு. சிகிச்சைக்குப் போவதா என்று தீர்மானிக்கும் கணம் அதில் ஒன்று. அவர் பொறுப்பை அங்கே தேடு.

சீடர்: பைபோலார் நோயிலும் இந்தக் கேள்வி வருகிறது. லித்தியம் சாப்பிட்டால் அடங்கியிருக்கும். நன்றாகிவிட்டது என்று ஒருவர் மருந்தை நிறுத்துகிறார். சில மாதங்களில் பித்து ஏறுகிறது. வீட்டுப் பணத்தை வாரி இறைக்கிறார், மனைவியை அடிக்கிறார். அடித்தபோது தெளிவில்லை. நிறுத்தியபோது இருந்ததே?

குரு: இருந்தால் அந்த நிறுத்தலுக்கு அவர் பொறுப்பு. அடிக்குப் பொறுப்பு என்று அதை மாற்றி எழுதாதே. அசட்டையாக இருந்தார் என்பதும், அடிக்க நினைத்தார் என்பதும் வேறு வேறு வினைகள். நிறுத்தினாரே என்று சொல்லுமுன் ஏன் நிறுத்தினார் என்றும் கேள். கை நடுக்கம், தாகம், உடல் பெருத்தல் ஆகியவற்றைத் தாங்க முடியவில்லையா? நோய் மெல்லத் திரும்பி, எனக்கு நோயே இல்லை என்று அதுவே அவரிடம் சொல்லியதா? வேதனையில் துடிப்பவரையும் விலக்குப் பட்டியலில் வைத்த வினயம், இந்தக் கேள்விகளைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லாது.

சீடர்: உடல்நோய் இல்லாமல் நூறாண்டு வாழ்பவரைக்கூடக் காணலாம், மனநோய் இல்லாமல் ஒரு கணம் வாழ்பவரைக் காண்பது அரிது, ஆசவங்கள் என்னும் மனமாசுகளை அழித்தவர்களைத் தவிர என்று புத்தர் சொல்கிறார். ஜாதக உரை எட்டு வகைப் பித்தர்களைச் சொல்கிறது. காமப் பித்தர், கோபப் பித்தர், தவறான கொள்கைப் பித்தர் எல்லாம் அதில் உண்டு. நாம் எல்லோருமே பித்தர்கள் என்றால், எல்லோருக்கும் விலக்கு உண்டா, யாருக்குமே இல்லையா?

குரு: அந்த எட்டில் பித்தத்தால் வந்தவரும் சோகத்தால் வந்தவரும் தனியே எண்ணப்பட்டிருக்கிறார்கள். எல்லோரையும் ஒன்றாகக் கலக்கவில்லை. காமமும் கோபமும் நம் மனத்தை நோயுறச் செய்கின்றன. ஆனால் அந்த நோய்க்குத் தம்மமே மருந்து. கேட்டால் புரியும், பயின்றால் குறையும். கேட்கும் காதும் பயிலும் மனமும் நம்மிடம் இருப்பதால் நமக்குப் பொறுப்பு உண்டு. கேட்கும் நிலையிலேயே இல்லாதவரிடம் தம்மத்தோடு போகக் கூடாது, வைத்தியத்தோடு போக வேண்டும். நாம் எல்லோரும் நோயாளிகள் என்ற அந்த வாக்கினால் ஒரு பயன் உண்டு. பித்துற்றவரைப் பார்த்து, இவர் வேறு இனம் என்று நினைக்கும் அகந்தையை அது ஒழிக்கிறது.

சீடர்: கடைசியாக, அடிபட்டவரைப் பற்றி நாம் பேசவே இல்லை. கல் பட்ட நெற்றி வலிக்கிறது. எறிந்தவருக்குக் குற்றமில்லை என்றால் அந்த வலிக்கு யார் பதில் சொல்வது?

குரு: கக்கருக்கு வந்த தீர்ப்பு, எதுவும் நடக்கவில்லை என்று சொல்லவில்லை. நடந்தது, அவர்மேல் குற்றமில்லை என்றே சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தெரிய வேண்டும். அடிபட்டவருக்கு மருந்தும், பாதுகாப்பும், ஒதுங்கியிருக்கும் உரிமையும் வேண்டும். கருணை என்ற பெயரில் அடி வாங்கிக்கொண்டே இரு என்று மனைவியிடம் சொல்வது அறம் அல்ல. தெளிந்தவர் அவளிடம் போய், உனக்கு வலித்தது எனக்குத் தெரியும் என்று சொல்லலாம். பணம் போயிருந்தால் முடிந்ததைத் திருப்பித் தரலாம். அது குற்றவாளியின் பரிகாரம் அல்ல, உறவுக்குள் இருக்கும் மனிதரின் கடமை. ஆனால் தன்னையே தின்னும் குற்றவுணர்வில் அவர் மூழ்கக் கூடாது. குக்குச்சம் என்ற அந்த மன உளைச்சலைத் தியானத்துக்குத் தடையான நீவரணங்களில் ஒன்றாகவே புத்தர் எண்ணினார்.

சீடர்: அவர் பொறுப்பு அதோடு முடிந்ததா?

குரு: அங்கிருந்துதான் தொடங்குகிறது. எளிதில் பேணக்கூடிய நோயாளிக்கு ஐந்து குணங்களை மகாவக்கம் சொல்கிறது. உடலுக்கு ஏற்றதைச் செய்வார். ஏற்றதிலும் அளவறிவார். மருந்து உட்கொள்வார். நோய் கூடுகிறதா, குறைகிறதா, அப்படியே இருக்கிறதா என்று பேணுபவரிடம் உள்ளதைச் சொல்வார். வலியைத் தாங்குவார். தெளிந்திருக்கும்போது நோயாளியின் அறம் இந்த ஐந்தும்தான். பேணுபவருக்கும் ஐந்து உண்டு. மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும். ஏற்றது ஏலாதது அறிந்து கொடுக்க வேண்டும். ஆதாயம் கருதாமல் அன்பால் செய்ய வேண்டும். மலம், சிறுநீர், எச்சில், வாந்தி கண்டு அருவருக்கக் கூடாது. அவ்வப்போது நல்ல சொல்லால் மனத்தைத் தேற்ற வேண்டும். வயிற்றுப்போக்கில் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவை யாரும் கவனிக்காதபோது, ஆனந்தரோடு சேர்ந்து புத்தரே அவரைக் குளிப்பாட்டிக் கட்டிலில் கிடத்தினார். பிறகு சங்கத்தைக் கூட்டி, உங்களுக்குத் தாயுமில்லை, தந்தையுமில்லை, ஒருவரை ஒருவர் நீங்கள் பேணாவிட்டால் யார் பேணுவது என்ற பொருளில் கடிந்துகொண்டார். கேட்டாயா, தம்பி? நோயாளியால் தன்னைத் தாங்க முடியாத நேரத்தில் பொறுப்பு காணாமல் போவதில்லை. சுற்றியிருப்பவர்களிடம் வந்து சேர்கிறது. தெளிந்ததும் அவரிடம் திரும்புகிறது.

சீடர்: சுற்றியிருப்பவர்கள் தவறினால்?

குரு: படாசாராவின் கதை உனக்குத் தெரியும். கணவன், இரண்டு குழந்தைகள், பெற்றோர், உடன்பிறந்தவன் என்று எல்லோரையும் அடுத்தடுத்து இழந்து, ஆடை நழுவியதும் தெரியாமல் சாவத்தித் தெருக்களில் அலைந்தவர். ஊரார் பைத்தியம் என்று விரட்டினார்கள், மண்ணை எறிந்தார்கள். புத்தர் இருந்த ஜேதவனத்துக்குள் வந்தபோது அங்கிருந்தவர்களும் தடுத்தார்கள். தடுக்க வேண்டாம் என்றார் புத்தர். நினைவுக்கு வா, சகோதரி என்று அவரை அழைத்தார். ஒருவர் தம் மேலாடையைக் கொடுத்தார். பின்னாளில், பிக்குணிகளில் வினயத்தை அறிந்தவர்களுள் முதல்வர் என்று புத்தர் சுட்டிக்காட்டியது இதே படாசாராவைத்தான். பித்துப் பிடித்தவருக்குக் குற்றமில்லை என்ற விதியைத் தன் உடலில் வாழ்ந்து அறிந்தவர், விதிகளுக்கே ஆசிரியரானார். ஊரார் எறிந்த மண்ணோடு அவர் கதை முடிந்திருந்தால், இழப்பு சங்கத்துக்குத்தான்.

சீடர்: நான் வழக்காடும் இடத்தில் இதை எப்படிப் பயன்படுத்துவது?

குரு: நீதிமன்றத்தில் உன் சட்டம் உன்னை நடத்தட்டும். அதற்கு வெளியே, நோயால் தடம் புரண்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்குமுன் மூன்றை வரிசையாகக் கேள். அந்த நேரத்தில் அவரால் வேறுவிதமாக நடக்க முடிந்ததா? தெளிவாக இருந்த நேரத்தில் அவரால் எதைச் செய்திருக்க முடியும்? இப்போது நம்மால் எதைச் செய்ய முடியும்? முதல் கேள்விக்கு முடியாது என்று விடை வந்தால் பழியை அங்கேயே இறக்கி வை. மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் எழுந்து போகாதே. நோயிலிருந்து மீண்டு உன் வீட்டுக்கோ உன் தெருவுக்கோ வருபவரிடம், அன்று என்ன செய்தாய் என்று ஒருபோதும் கேட்காதே. இன்று மருந்து சாப்பிட்டாயா, நன்றாகத் தூங்கினாயா என்று கேள்.